கடைசியில்தான் எலுமிச்சை

பிப்ரவரி 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. உறைக்குள் சென்ட் தோய்த்த இரண்டு தாள் பட்டைகள் இருக்கின்றன. அவற்றை முகர்ந்து பார்த்துவிட்டுக் கிழி.

என் போன் எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய் என்று தெரியும். வீடு மாறிவிட்டாய் என்றும் கேள்விப்பட்டேன். அதனால் உணவகத்தின் முகவரிக்கே எழுதுகிறேன். அந்தத் தாய்லாந்து அம்மாவிடம்தானே இன்னும் வேலை பார்க்கிறாய்? எப்படியும் இந்த விஷயத்துக்குக் கடிதம்தான் சரி. வாசனையைப் போனில் அனுப்ப இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை.

எங்கள் நிறுவனத்துக்கு ஒரு வேலை வந்திருக்கிறது. தாய்லாந்துச் சமையலை நினைவூட்டுகிற மாதிரி ஒரு சென்ட் வேண்டுமாம். எலுமிச்சையும் மசாலாவும் கலந்தது. அதை என் தலையில் கட்டிவிட்டார்கள். மூன்று மாதமாகக் கலக்கிக்கொண்டிருக்கிறேன், பதினொரு கலவை ஆகிவிட்டது. ஒவ்வொன்றும் தரை துடைக்கிற திரவத்தில் போய்த்தான் முடிகிறது. எங்கள் மேலாளர் பதினொன்றாவதை முகர்ந்துவிட்டு, "இதுல சமையல் எங்கம்மா இருக்கு? சமைச்சு முடிச்சு எல்லாத்தையும் கழுவி விட்டுட்டுப் போன மாதிரியில்ல இருக்கு" என்றார். எல்லார் முன்னாலும் சொன்னார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் சீசாவில் வருகிற எண்ணெய்கள். எலுமிச்சைப்புல் எண்ணெய், அந்தச் சொரசொரப்பான குட்டி எலுமிச்சையின் இலை எண்ணெய், பேரரத்தை எண்ணெய். அந்தச் சமையலறையில் பன்னிரண்டு வருஷமாக நிற்கிறவள் நீ. காலையில் கதவைத் திறந்ததும் முதலில் என்ன வாசனை வரும்? எது எதற்குப் பிறகு வரும்? சின்ன வயதில் என்னை மூக்கி, மூக்கி என்று கேலி செய்வாயே, அந்த மூக்கு இப்போது உன்னிடம் வந்து நிற்கிறது.

சுண்டு நன்றாக இருக்கிறாள். பன்னிரண்டு வயது, என் தோள் வரை வளர்ந்துவிட்டாள். மற்றதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

அக்கா


பிப்ரவரி 15

அக்கா அவர்களுக்கு,

சோழியன் குடுமி சும்மா ஆடுமா? ஐந்து வருஷம் கழித்து உனக்கு என் ஞாபகம் வந்துவிட்டது என்று ஒரு நிமிஷம் ஏமாந்துதான் போனேன். நல்லவேளை, மூன்றாவது பத்தியிலேயே எலுமிச்சம்பழம் வந்துவிட்டது.

மற்றதைப் பற்றி எழுத உனக்கு வரவில்லையாம். எனக்கு வரும், நான் எழுதுகிறேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் லீவுக்கு உன் பெண்ணை என்னிடம் ஒரு வாரம் விட்டுவிட்டுப் போனாய். அப்போது அவளுக்கு ஏழு வயது. திரும்ப அழைத்துப் போக வந்தவள், அவளைக் குளிப்பாட்டினாய். முதுகில் பழுப்பாக ஒரு கைத்தடம் இருந்தது. மேல் கையில் இன்னொன்று. நீ என் கையை இழுத்துக் குழந்தையின் முதுகில் வைத்துப் பார்த்தாய். விரலுக்கு விரல் பொருந்தியது. "வேலியே பயிரை மேஞ்சிருச்சு" என்றார் அத்தான், போனில் படம் எடுத்துக்கொண்டே. நான் அடிக்கவில்லை என்று சொன்னேன். குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு எத்தனை முறை சொன்னேன் என்று எனக்கே கணக்கில்லை. நீ குழந்தையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனவள்தான்.

அம்மா இறந்த அன்றைக்கு வந்தேனே, நினைவிருக்கிறதா? சுண்டு உள்ளே இருக்கிறாள் என்று என்னை வாசலோடு நிறுத்தினாய். அம்மா முகத்தை நான் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். உனக்கு நான் எதுவும் சொல்லித் தர வேண்டிய கடமை இல்லை.

ஆனால் உன் பதினொன்றாம் நம்பரை முகர்ந்து தொலைத்துவிட்டேன். சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. நீ எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்திருக்கிறாய். இங்கே எதற்கும் முறை உண்டு. உரலில் முதலில் உப்பும் வெள்ளை மிளகும் கொத்தமல்லி வேரும் விழும். வேர், இலை இல்லை. மண்வாசனை அதில்தான் இருக்கிறது. உன் சீசாவில் அது இல்லவே இல்லை. பிறகு பூண்டு, பேரரத்தை, எலுமிச்சைப்புல். எலுமிச்சைச் சாறு எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். அடுப்பை அணைத்து, பாத்திரத்தை இறக்கி, கொதி அடங்கிய பிறகுதான் பிழிவோம். கொதியில் பிழிந்தால் கசந்துபோகும்.

இதோடு சரி. இனி எழுதாதே.

சமையற்காரி


மார்ச் 1

தங்கச்சிக்கு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். கொத்தமல்லி வேர் என்ற ஒரு வார்த்தைக்கே நான் உனக்குக் கடன்பட்டவள். அப்படி ஓர் எண்ணெய் எங்களிடம் கிடையாது. கொத்தமல்லி இலை, பீட்ரூட்டின் மண் வாசனை, கொஞ்சம் மிளகு என்று ஒட்டுப்போட்டு ஒன்றை உண்டாக்கினேன். மேலாளர் முகர்ந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் சும்மா போவதே பெரிய பாராட்டு.

ஆனால் ஒரு சிக்கல். உங்கள் சமையலறையில் எலுமிச்சை கடைசியில் வரும். எங்கள் சீசாவிலோ அதுதான் முதலில் ஓடிப்போகும். உடம்பில் பூசிப் பத்து நிமிஷத்தில் எலுமிச்சை பறந்துவிட்டால், மிச்சம் நாள் முழுக்க மிளகும் வேரும்தான். அதனால் பதினான்காவதில் காய்ச்சி வடித்த எண்ணெயை விட்டுவிட்டு, தோலை அப்படியே பிழிந்து எடுக்கும் எண்ணெயைப் போட்டேன். அதில் பச்சை வாசனை நிற்கிறது, ஓடவில்லை. தாள் பட்டை உறைக்குள் இருக்கிறது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது உன் கையில் இந்த வாசனைதானே இருக்கும்?

நீ எழுதியதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். நான் தாய். என் இடத்தில் நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? கண்ணால் பார்த்தேன். சுண்டுவிடமும் கேட்டேன். முதலில் இல்லை என்றாள். திரும்பக் கேட்டேன், பேசாமல் இருந்தாள். வீட்டுக்கு வந்து நானும் அவள் அப்பாவும் உட்கார வைத்துக் கேட்டபோது ஆமாம் என்று தலையாட்டினாள். ஏழு வயதுக் குழந்தைக்கு உன்மேல் என்ன பகை? பொய் சொல்ல அவளுக்கு என்ன அவசியம்?

எனக்கு வலித்தது அந்த அடி இல்லை. கோபத்தில் கை நீண்டுவிட்டது என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். தடம் கண் முன்னால் இருக்கும்போது நீ இல்லவே இல்லை என்று சாதித்தாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அம்மா வீட்டு வாசலில் உன்னை நிறுத்தியது தப்பு. அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன்.

அக்கா


மார்ச் 13

அக்காவுக்கு,

பதினான்கு பரவாயில்லை. உரல் சத்தம் கேட்கிறது. பழத்தோலும் சரிதான். அந்தச் சொரசொரப்பு எலுமிச்சையில் மேல் பச்சையை மட்டும்தான் சீவ வேண்டும், வெள்ளை வந்தால் கசப்பு. நீ வெள்ளையும் சேர்த்துச் சீவியிருக்கிறாய் என்று நினைக்கிறேன், இரண்டாம் நாள் பட்டையில் கசப்பு தெரிகிறது. கை வாசனையைப் பற்றிக் கேட்டாய். சோப்பு போட்டாலும் போகாது. நகத்தோரம் எப்போதும் பழத்தோல் வாசனைதான்.

உன் கேள்விக்கு வருகிறேன். அன்றைக்கு நடந்ததை நீ ஒரு முறைகூட முழுதாகக் கேட்டதில்லை. இப்போது படி.

நீ வருவதற்கு இரண்டு நாள் முன்னால் நடந்தது அது. அன்றைக்கு ஒரு கல்யாண விருந்துக்கு ஆர்டர் இருந்தது. காலையில் போய் நானூறு எலுமிச்சம்பழம் பிழிந்து வைத்தேன். கையால்தான், எங்களுக்கு மெஷினில் பிழிந்தால் ஒத்துக்காது. சுண்டு சமையலறை வாசலில் நீச்சல் உடையோடு நின்று, "சித்தி, போலாம் சித்தி, போலாம் சித்தி" என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அப்படியே கிளம்பிவிட்டேன். நீச்சல் குளம் எதிர்ச்சாரியில். நடு மத்தியானம். குளத்தைப் பார்த்ததும் என் கையை உதறிவிட்டு ரோட்டில் ஓடினாள். ஒரு வேன் வந்தது. ஒரு கையால் அவள் கையைப் பிடித்து, இன்னொரு கையை முதுகில் கொடுத்து இழுத்தேன். என் நெஞ்சோடு அப்படியே அழுத்தி வைத்திருந்தேன். பிறகு கத்தினேன். ரோடு என்று பார்க்காமல் கத்தினேன். குளத்தில் தண்ணீர் மாற்றுகிறார்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சுற்றுச் சுவரில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஐஸ் தின்றோம், வெயிலில் ஒரு மணி நேரம். அவள் என்னை மன்னித்துவிட்டுத் தன் ஐஸிலிருந்து ஒரு கடி கொடுத்தாள். இவ்வளவுதான் நடந்தது.

இரண்டு வருஷம் இதையே எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். பிடித்தேன், கத்தினேன், அடிக்கவில்லை. பிறகு ஒருநாள் சந்தேகம் வந்தது. இரண்டு நாள் கழித்தும் தடம் தெரிகிற அளவுக்குப் பிடித்திருக்கிறேன் என்றால் அது பிடியா? பயத்தில் பிடித்தேனா, கோபத்தில் பிடித்தேனா? பிடித்த பிறகு ஒன்று வைத்தேனோ, எனக்குத்தான் மறந்துவிட்டதோ? குழந்தையே ஆமாம் என்று சொல்லிவிட்டதே. என் கையை நானே நம்பாமல் போனேன். யாரிடமும் இதைச் சொன்னதில்லை. எப்படிச் சொல்வது?

இங்கே வாரம் மூன்று நாள் மீன் கொண்டுவருகிறவர் ஒருத்தர். மனைவி இல்லை, மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. அதையும் வண்டியில் கூட்டிக்கொண்டு வருவார். அது இறங்கியதும் நேராக என்னிடம்தான் ஓடிவரும். நான் கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன். போன வருஷம் அவர் என்னிடம் கேட்டார், "எம் பொண்ணுக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. எனக்கும்தான். யோசிச்சுச் சொல்லுங்க." எனக்கும் பிடித்திருந்தது, அக்கா. முப்பத்தாறு வயதில் முதல்முறையாகப் பிடித்திருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார், சொல்லவில்லை. என்னவென்று சொல்வேன்? குழந்தை இருக்கிற வீட்டுக்கு என் கை ஆகாது என்றா?

நீ கேட்ட அந்த ஒரு வார்த்தையை இப்போது சொல்லிவிடுகிறேன். அடித்திருப்பேன் போலிருக்கிறது. போதுமா?

தங்கச்சி


மார்ச் 31

என் தங்கமே,

இதை உட்கார்ந்து படி.

பதினேழாம் கலவையை மேலாளர் ஒத்துக்கொண்டார். எங்களிடம் வழக்கம் என்னவென்றால், ஒத்துக்கொண்ட பிறகு அது பாதுகாப்புப் பிரிவுக்குப் போகும். உடம்பில் பூசினால் கெடுதல் உண்டா என்று அங்கே ஓர் அம்மா பார்ப்பார். மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டார். தோலைப் பிழிந்த எலுமிச்சை எண்ணெய் அளவுக்கு மேல் போயிருக்கிறது என்று குறிப்பு. எனக்குக் கோபம். பச்சை வாசனையே அதில்தான் இருக்கிறது என்று சண்டை போடப் போனேன். "பூசிட்டு வெயில்ல போனா என்ன ஆகும்னு தெரியும்ல உங்களுக்கு?" என்று கேட்டு, ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். எலுமிச்சைத் தோலின் எண்ணெயோ சாறோ பட்ட இடத்தில் வெயில் விழுந்தால் தோல் வெந்துவிடுமாம். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் கழித்துத்தான் பழுப்பாகத் தடம் எழும்பும், வாரக்கணக்கில் போகாது. எந்த வடிவத்தில் பட்டதோ அதே வடிவத்தில். கோப்பில் கழுத்து, மணிக்கட்டு என்று படங்கள். கடைசிப் படம் ஒரு குழந்தையின் முதுகு. அதில் ஒரு கை.

"யாரோ பழம் பிழிஞ்ச கையோட தூக்கியிருக்காங்க. பாவம், அடிச்சாங்கன்னு போலீஸ் வரைக்கும் போயிருச்சாம்" என்றார் அந்த அம்மா. உன் கடிதம் என் பையில்தான் இருந்தது. நானூறு எலுமிச்சம்பழம். நடு மத்தியானம். வெயிலில் ஒரு மணி நேரம்.

அப்போதும் பாவி எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்துப் பழம் வாங்கிப் பிழிந்தேன், கையைத் துணியில் துடைத்தேன், என் காலில் கெண்டைச் சதையை அழுத்திப் பிடித்தேன். அடிக்கவில்லை, பிடித்தேன். மொட்டை மாடி வெயிலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். செவ்வாய்க்கிழமை நான் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது உன் அத்தான் பார்த்துவிட்டுப் பதறிப்போய், "என்ன இது, யாரு அடிச்சா உன்னை?" என்று கேட்டார். கேட்ட அவரே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் புரிந்துவிட்டது. ஐந்து விரலும் எண்ணலாம், தங்கமே. இன்னும் என் காலில் இருக்கிறது.

இதைவிடக் கேவலமான ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். எலுமிச்சை எண்ணெய்க்கு அளவு உண்டு என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. என் மேஜைக்கு எதிரே சுவரில் ஒட்டியிருக்கிறது. பதினைந்து வருஷமாக ஒவ்வொரு படிவத்திலும் அந்த அளவை நான் நிரப்புகிறேன். சுண்டுவைத் தூக்கிக்கொண்டு வந்த அந்த வாரமும் நிரப்பியிருப்பேன். அது சீசாவுக்கான சட்டம் என்று நினைத்தேனே தவிர, உன் கைக்கும் என் குழந்தையின் முதுகுக்கும் அதில் சம்பந்தம் இருக்கும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று சுண்டுவுக்குப் பழமொழி வேறு சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நான்தான் இல்லைன்னு சொன்னேனேம்மா. நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்க. ஆமான்னு சொன்னாத்தான் நிறுத்துவீங்கன்னு சொன்னேன்" என்றாள். ஐந்து வருஷமாக உன் பேரை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள். பயத்தில் போகிறாள் என்று நினைத்தேன். குற்ற உணர்ச்சியில் போயிருக்கிறாள். என் குழந்தையை நான்தான் பொய் சொல்ல வைத்தேன்.

நீ அடிக்கவில்லை. அடித்திருப்பேன் போலிருக்கிறது என்று எழுதினாயே, அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடுகிறேன். இல்லை, வேண்டாம், நானே வைத்துக்கொள்கிறேன். நான் செய்தது என்ன என்று எனக்கு மறக்கக் கூடாது.

என்னை மன்னி என்று கேட்க வாய் வரவில்லை.

அக்கா


ஏப்ரல் 10

அக்கா,

கடிதம் வந்து ஆறு நாள் ஆயிற்று. முதல் நாள் சிரித்தேன். சாம்பார் கரண்டியைப் பிடிக்கத் தெரியாத நீ காலில் எலுமிச்சை தடவிக்கொண்டு மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்ததை நினைத்துச் சிரித்தேன். பிறகு குளிர்சாதன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இரண்டாம் நாள் உன்மேல் வந்த கோபத்தை எழுதினால் தாள் எரிந்துவிடும்.

மூன்றாம் நாள்தான் முதலாளியம்மாவிடம் வாயைத் திறந்தேன். ஐந்து வருஷத்தில் முதல்முறை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார், நிறுத்தக்கூட இல்லை. "பழம் பிழிஞ்சா கையை நல்லாக் கழுவிட்டுத்தான் வெயில்ல போகணும். இது எங்க ஊர்ல குழந்தைக்குக்கூடத் தெரியுமே. நீ என்னைக் கேட்டிருக்கலாமே?" என்றார். பிறகுதான் என் முகத்தைப் பார்த்துத் துருவுவதை நிறுத்தினார்.

கேட்டிருக்கலாம். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு மேஜைதான். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. குழந்தையை அடித்தவள் என்று அவருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று வாயைத் தைத்துக்கொண்டு நின்றேன். என் புறங்கையிலும் அப்போது அதே பழுப்புப் புள்ளிகள் இருந்தன, அக்கா. எண்ணெய் தெறித்தது என்று நினைத்தேன். சமையற்காரி கையில் சூடு இல்லாமல் இருக்குமா, யார் பார்ப்பார்கள்? உன் சுவரில் பதில் இருந்தது, என் கையிலும் இருந்தது.

மீன்காரருக்குப் போன கார்த்திகையில் கல்யாணம் ஆகிவிட்டது. நேற்று அவர் வந்தபோது நான் அன்றைக்குச் சொல்லாத காரணத்தைச் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "சொல்லியிருந்தீங்கன்னா, நீங்க அடிச்சீங்கன்னு நான் நம்பியிருக்க மாட்டேனேம்மா. நீங்க மீனையே பதமாத்தான் தூக்குவீங்க" என்றார். முன்பெல்லாம் அவர் என்னை அம்மா போட்டுக் கூப்பிட்டதில்லை. வண்டியில் அந்தப் பெண் குழந்தை புது அம்மா மடியில் உட்கார்ந்திருந்தது. நல்ல பெண்தான். தலை வாரி, பொட்டு வைத்து, சுத்தமாக வைத்திருக்கிறாள். குழந்தை என்னைப் பார்த்துக் கையை ஆட்டியது. ஓடிவரவில்லை. நான்தானே அப்படிப் பழக்கினேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். உன்னை வெறுக்கிறேன் என்று எழுதினாலும் பொய்தான். நீ தாய், பயந்தாய், அது எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு பயம் என் வாழ்க்கை முழுவதையும் தின்றுவிட்டுப் போய்விட்டது, அதை யாரிடம் போய்க் கேட்பது?

சுண்டுவிடம் சொல். சித்திக்கு அவள்மேல் ஒரு துளி கோபமும் இல்லை. ஏழு வயதில் இரண்டு பெரியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டால் நானும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

தங்கச்சி


மே 6

தங்கச்சிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத எனக்குத் தகுதி இல்லை. அதனால் வேலையைப் பற்றி எழுதுகிறேன். வேலையைப் பற்றியாவது நீ படிப்பாய்.

பிழிந்த எண்ணெயை முழுக்க எடுத்துவிட்டேன். மேலாளர் கொஞ்சமாவது வைத்துக்கொள், அளவுக்குள் வைத்துக்கொள்ளலாமே என்றார். ஒரு துளியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேலையை விட்டுவிடுவேன் என்றுகூடச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் நான் அவரை எதிர்த்துப் பேசியதே இல்லை, மனுஷன் பயந்துவிட்டார். காய்ச்சி வடித்த எண்ணெயைத்தான் போட்டிருக்கிறேன். வெயில் பட்டாலும் அது ஒன்றும் செய்யாது, ஆனால் அதில் பச்சை வாசனை இல்லை. இலையை வைத்து அந்தக் குறையைக் கொஞ்சம் மூடினேன். இருபத்து மூன்றாம் கலவை, எல்லா இடத்திலும் தேறிவிட்டது. தாள் பட்டை உறைக்குள் இருக்கிறது. அடுத்த மாதம் கடைக்கு வருகிறது. உனக்குப் பிடிக்கவில்லை என்றால் என் பெயரை அதிலிருந்து எடுக்கச் சொல்லிவிடுவேன்.

உன் அத்தான் அந்தப் படத்தைப் போனிலிருந்து அழித்துவிட்டார். அழித்துவிட்டு என்னிடம் வந்து, "அழிச்சிட்டேன்" என்றார். உனக்கு எழுத வேண்டும் என்று இரண்டு நாளாகத் தாளும் பேனாவுமாக உட்காருகிறார், எழுந்து போய்விடுகிறார்.

சுண்டு உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள். "சித்தி வேண்டாம்னு சொன்னா வாசல்லயே நின்னு பார்த்துட்டு வந்துடறேன்" என்றாள். அம்மா இறந்த அன்று நீ வாசலில் நின்றது அவளுக்கு நினைவிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஜன்னலுக்கு உள்ளே இருந்து அவளும் உன்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

நீ வரச்சொன்னால் வருகிறோம். வேண்டாம் என்றால் காத்திருக்கிறோம். எவ்வளவு நாளானாலும்.

அக்கா


மே 15

மூக்கி,

இருபத்து மூன்றை முகர்ந்தேன். உப்பு இருக்கிறது, மிளகு இருக்கிறது, வேர் மண்ணோடு இருக்கிறது. எலுமிச்சை அடுப்பை அணைத்த பிறகு வருகிறது, அவசரப்படவில்லை. பச்சை குறைவுதான், பரவாயில்லை. பெயரை எடுக்க வேண்டாம். முதலாளியம்மா முகர்ந்துவிட்டு, "சமையலறை வந்துருச்சு, சமைக்கிறவதான் இன்னும் வரலை" என்றார். அது உன் குற்றம் இல்லை, ஆளைச் சீசாவில் அடைக்க முடியாது.

திங்கட்கிழமை எங்களுக்கு விடுமுறை. அன்றைக்கு உணவகத்துக்கே வாருங்கள். சனிக்கிழமையிலிருந்து நான் பழத்தைத் தொடமாட்டேன், முதலாளியம்மாவே பிழிந்துகொள்வதாகச் சொல்லிவிட்டார். அத்தானையும் கூட்டிக்கொண்டு வா, எழுத வராவிட்டால் சாப்பிடவாவது வரட்டும். சுண்டு வாசலில் எல்லாம் நிற்க வேண்டியதில்லை, உள்ளே வரலாம். ஏழு வயதில் விட்டுவிட்டுப் போனவளைப் பன்னிரண்டு வயதில் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தூக்க முடியாது. தலையைத் தடவலாமா? நீயே பார்த்துச் சொல்.

பஸ் எதிர்ச்சாரியில்தான் நிற்கும். இப்போது அந்த ரோட்டில் வண்டி நிறைய. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன், இறங்கி வரமாட்டேன். கடக்கும்போது அவள் கையை நீயே பிடித்துக்கொள். எனக்கு இன்னும் பயம் போகவில்லை.

தங்கச்சி